உலக வினோதங்கள்: கரும்பலகையைப் படித்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

திருவையாற்றுக்கு அருகில் உள்ள எங்கள் ஊர் நூலகத்தின் வாசலில் ஒரு கரும்பலகை இருக்கிறது. புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, சனிக்கிழமைதோறும் உலகின் ஏதாவது ஒரு வினோதத்தை அதில் எட்டுப் பத்து வரிகளில் எழுதிவருகிறேன். பால் கறந்து வருபவர்கள், பேருந்துக்கு நிற்பவர்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் படித்துவிட்டு நின்று சந்தேகம் கேட்பார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல, அவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள் என்பது புரிந்தது. அவற்றை அவரவர் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்து, பதில்களையும் எழுதியிருக்கிறேன்.

டீச்சர், உலக அதிசயம் ஏழுன்னு யாரு முடிவு பண்ணுனது?

அதை ஒரே ஒருவர் முடிவு செய்யவில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு மத்தியதரைக் கடலைச் சுற்றிப் பயணம் செய்த கிரேக்கர்கள், கட்டாயம் பார்க்க வேண்டியவை என்று தாங்கள் கருதிய கட்டடங்களையும் சிலைகளையும் பட்டியலிட்டார்கள். அவர்கள் கால் படாத சீனாவோ தென்னிந்தியாவோ அதில் இடம்பெற வழியே இல்லை. அந்த ஏழில் இன்றும் நிற்பது எகிப்தில் கீசா என்னும் இடத்திலுள்ள பெரிய பிரமிடு மட்டுமே. கட்டியபோது அதன் உயரம் ஏறத்தாழ 146 மீட்டர். உச்சிக் கற்கள் போய்விட்டதால் இன்றைய உயரம் சுமார் 138 மீட்டர். பாபிலோனின் தொங்கும் தோட்டத்தைப் பொறுத்தவரை, அப்படி ஒன்று இருந்தது என்பதற்கே அகழாய்வில் உறுதியான சான்று கிடைக்கவில்லை.

தாஜ்மகாலும் சீனப் பெருஞ்சுவரும் இடம்பெற்ற பட்டியல் வேறு. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஒரு தனியார் அறக்கட்டளை, இணையத்திலும் தொலைபேசியிலும் மக்களை வாக்களிக்கச் செய்து, 2007 ஜூலை 7 அன்று லிஸ்பன் நகரில் அதை அறிவித்தது. ஒருவரே பலமுறை வாக்களிக்க முடிந்த தேர்தல் அது.

அப்ப நம்ம பெரிய கோயிலு ஏன் அந்த ஏழுல வரல? நமக்கு மரியாதை இல்லையா?

மரியாதை வேறு இடத்தில் முறையாகவே கிடைத்திருக்கிறது. யுனெஸ்கோ நிறுவனம் நிபுணர்களை அனுப்பி ஆராய்ந்து, பாதுகாக்கும் பொறுப்பை அந்தந்த நாட்டின்மேல் வைத்து அறிவிப்பது உலகப் பாரம்பரியச் சின்னம். தஞ்சைப் பெரிய கோயில் 1987-இல் அந்தத் தகுதியைப் பெற்றது. 2004-இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் அதனுடன் சேர்க்கப்பட்டன. வாக்கெடுப்பில் வந்த ஏழைவிட இது உறுதியான சிறப்பு என்பது என் கருத்து. ஏனென்றால் இதில் இடம்பெறக் காரணங்களை எழுத்தில் காட்டியாக வேண்டும்.

பெரிய கோயில் கோபுரத்து நெழலு தரையிலயே விழாதுங்கிறாங்களே, நெசந்தானா?

விழும். இதை மட்டும் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. காலை எட்டு மணிக்குக் கோயிலுக்குச் சென்று விமானத்தின், அதாவது கருவறைக்கு மேலே எழும் அந்தக் கோபுரத்தின், மேற்குப் பக்கத் திருச்சுற்றில் நில்லுங்கள். உங்கள் காலடியில் இருப்பது விமானத்தின் நிழல்தான். மார்கழி மாதத்தில் நண்பகலிலும் நிழல் வடக்குத் திருச்சுற்றில் நீண்டு கிடக்கும், ஏனென்றால் அப்போது சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்திருக்கிறது. இருநூறு அடிக்கு மேல் உயர்ந்த விமானம் ராஜராஜன் காலத்தில், 1010-இல் நிறைவுற்றது. அதன் பெருமைக்கு இல்லாத ஒன்றைச் சேர்க்க வேண்டிய தேவையே இல்லை.

ஆனாலும் இந்தப் பேச்சுக்கு ஓர் அடிப்படை இருக்கிறது. தஞ்சாவூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10.8 பாகையில் இருப்பதால், ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் 18-ஐயும் ஆகஸ்ட் 24-ஐயும் ஒட்டிய நாட்களில், நண்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வருகிறது. விமானம் மேலே போகப் போகக் குறுகுவதால், அந்த நேரத்தில் அதன் நிழல் அதன் மேலேயே அடங்கிவிடும். அன்று முற்றத்தில் நட்டுவைத்த உலக்கைக்கும் நிழல் இருக்காது.

இதே நிழலைக் கொண்டு கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எரட்டோஸ்தனிஸ் என்னும் கிரேக்க அறிஞர் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். எகிப்தின் தெற்கே சையீன் என்ற ஊரில், இன்றைய அஸ்வானில், கோடையின் மிக நீண்ட பகலன்று சூரியன் தலைக்கு நேர் மேலே நின்றது. அதே நாள் நண்பகலில் வடக்கே அலெக்சாண்டிரியாவில் நட்ட குச்சிக்கு நிழல் விழுந்தது. அந்தச் சாய்வு ஒரு முழு வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு. ஆகவே இரண்டு ஊர்களுக்கும் இடையிலான தூரத்தை ஐம்பதால் பெருக்கினால் பூமியின் சுற்றளவு வந்துவிடும் என்றார். ஒரு குச்சியும் அதன் நிழலும் அத்தனை தூரம் சொல்லும் என்பதைப் படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

சீனப் பெருஞ்சுவர் நெலாவுலேர்ந்து தெரியுமாமே?

தெரியாது. மனிதன் விண்வெளிக்குப் போவதற்கு முன்பே இந்த வாக்கியம் புத்தகங்களில் வந்துவிட்டது. சுவரின் நீளம், எல்லா அரச மரபுகளும் கட்டிய கிளைகளைச் சேர்த்து 21,196 கிலோமீட்டர் என்று 2012-இல் சீன அரசு வெளியிட்ட அளவீடு கூறுகிறது. ஆனால் ஒன்று கண்ணுக்குத் தெரிவதை முடிவு செய்வது அதன் அகலம். சுவரின் அகலம் இரண்டு பேருந்துகள் எதிரெதிரே விலகிச் செல்லும் சாலை அளவுக்கு மேல் இல்லை. நம் காவிரியே அதைவிடப் பல மடங்கு அகலம். நிலா இருப்பதோ 3,84,000 கிலோமீட்டருக்கு அப்பால். 2003-இல் சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய், பூமியை ஒட்டிய பாதையிலேயே சுற்றிவிட்டுத் திரும்பி, சுவர் தம் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொன்னார்.

பைசா கோபுரம் சாஞ்சிக்கிட்டே நிக்கிது, ஏன் விழல? நம்மூர்ல சொவரு லேசா சாஞ்சாலே இடிச்சிடுறோமே?

வீடு கட்டிய யாவருக்கும் நம் களிமண்ணின் குணம் தெரியும். கோடையில் கை நுழையும் அளவு வெடிக்கும், மழையில் ஊதும். அதனால்தான் கொத்தனார்கள் அடித்தளப் பள்ளத்தில் ஆற்று மணலைக் கொட்டித் தண்ணீர் விட்டு இறுக்குகிறார்கள், அவசரப்படாதவர்கள் கடைக்கால் போட்டு ஒரு மழை பார்த்த பிறகு சுவர் எழுப்புகிறார்கள். இத்தாலியில் பைசா நகரமும் ஆறு கொண்டுவந்து சேர்த்த மென்மையான களிமண்ணின் மேல்தான் இருக்கிறது. கோபுர வேலை 1173-இல் தொடங்கியது. மூன்றாவது நிலையை எட்டும்போதே ஒரு பக்கம் இறங்கத் தொடங்கியது.

அதன்பின் போர்களால் வேலை ஏறத்தாழ நூறு ஆண்டுகள் நின்றுபோனது. அந்தத் தடைதான் கோபுரத்தைக் காப்பாற்றியது என்று பொறியாளர்கள் கருதுகிறார்கள். மேலே பாரம் ஏறாத அந்தக் காலத்தில் அடியிலிருந்த களிமண் மெல்ல இறுகிக்கொண்டது. தொடர்ந்து கட்டியிருந்தால் கவிழ்ந்திருக்கும். நம் கொத்தனார் ஒரு மழைக்குக் காத்திருப்பதைப் பைசா நகரம் தன்னை அறியாமல் ஒரு நூற்றாண்டுக்குச் செய்தது. கோபுரம் முடிந்தது 1370-களில்.

பிற்காலத்தில் சாய்வு அபாய அளவை எட்டியதால் 1990-இல் பார்வையாளர்களுக்குக் கோபுரம் மூடப்பட்டது. சாய்ந்திருந்த தெற்குப் பக்கத்தை முட்டுக்கொடுத்துத் தூக்க முயலாமல், உயர்ந்திருந்த வடக்குப் பக்கத்தின் அடியிலிருந்து மண்ணைச் சிறிது சிறிதாகத் துளையிட்டு எடுத்தார்கள். அந்தப் பக்கம் மெல்ல இறங்க, உச்சி நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் பின்னுக்கு வந்தது. சாய்வு ஐந்தரைப் பாகையிலிருந்து நான்கு பாகை அளவுக்குக் குறைந்தது. 2001 டிசம்பரில் மீண்டும் திறந்தார்கள்.

அண்டார்டிகாவுல ரத்தம் கொட்டுற அருவி இருக்குன்னு போட்டிருந்தீங்க. படிச்சிட்டு ராத்திரி பயமா இருந்திச்சி.

இதைக் கேட்டது ஆறாம் வகுப்புப் பெண் குழந்தை. அவளை எங்கள் வீட்டுக் கொல்லைக்கு அழைத்துச் சென்று அடிபம்பில் ஒரு வாளித் தண்ணீர் அடித்து வைத்தேன். அடித்தபோது தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. சாயங்காலம் வந்து பார்த்தாள். மேலே எண்ணெய்ப் படலம்போல ஒரு மினுக்கம், வாளியின் அடியில் செங்கல் பொடியைக் கரைத்ததுபோல ஒரு படிவு. நம் பகுதியில் பல ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீர் இப்படித்தான். பூமிக்கடியில் காற்றுப் படாமல் கரைந்திருக்கும் இரும்பு, மேலே வந்து காற்று பட்டதும் துருவாக மாறிப் படிகிறது.

டெய்லர் பனியாற்றின் முனையில் வடியும் அந்த அருவியிலும் நடப்பது அதுதான். 1911-இல் அதைக் கண்ட புவியியலாளர் கிரிஃபித் டெய்லர் சிவப்புப் பாசியால் வந்த நிறம் என்று எண்ணினார். உண்மையில் பனியாற்றின் அடியில் பல லட்சம் ஆண்டுகளாக அடைபட்ட, இரும்பு மிகுந்த உப்புநீர் அது. உப்பு மிகுதியால் உறைபனி நிலைக்குக் கீழே சென்றும் உறைவதில்லை. வெளிச்சமும் காற்றும் இல்லாத அந்த நீரில் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன என்பதுதான் நிறத்தைவிடப் பெரிய வியப்பு.

சாக்கடல்ல நீச்சல் தெரியாதவனும் முழுவ மாட்டானாமே, எப்புடி?

விதைநெல் தேர்வு செய்யும்போது தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே வந்து, முட்டை மிதந்து மேலே சிறிது தெரியும்போது நிறுத்துவோம். பிறகு நெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கும், மணி அடியில் தங்கும். உப்பு கரையக் கரையத் தண்ணீரின் அடர்த்தி கூடுகிறது. அதைவிட அடர்த்தி குறைந்தது எதுவும் மிதக்கிறது. சாதாரணக் கடலில் உப்பு நூற்றுக்கு மூன்றரைப் பங்கு என்றால், சாக்கடலில் ஏறத்தாழ 34 பங்கு. அங்கே மனித உடல் அந்த முட்டையைப் போல ஆகிவிடுகிறது. ஆனால் குப்புறப் புரண்டுவிட்டால் நிமிர்வது கடினம், கண்ணிலும் மூச்சிலும் அந்த நீர் புகுந்தால் பெரும் துன்பம். ஆகவே நீச்சல் தெரியாதவருக்கு ஆபத்தே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

அதன் கரை கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 430 மீட்டரில் இருக்கிறது; பூமியில் வெயில் படும் நிலங்களில் அதைவிடத் தாழ்ந்தது இல்லை. ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கு மேல் அது இறங்கிக்கொண்டும் இருக்கிறது, ஏனென்றால் அதில் கலக்கும் யோர்தான் ஆற்றின் நீரைப் பாசனத்துக்கும் குடிநீருக்கும் மேலேயே எடுத்துவிடுகிறார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் என்ன ஆகும் என்பதை நம்மவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பொலிவியாவுல ஆகாயம் தரையில தெரியுற எடம்னு ஒரு படம் வந்திச்சி. கம்ப்யூட்டர்ல செஞ்சதுதானே?

படம் உண்மை. அந்த இடம் சலார் தே உயுனி என்னும் உப்புவெளி, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,650 மீட்டரில். முற்கால ஏரிகள் வற்றி விட்டுச்சென்ற உப்பு அங்கே பாளமாக இறுகிக் கிடக்கிறது. வேதாரண்யத்து உப்பளத்தைப் பார்த்திருப்பீர்கள். இது 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், அதாவது பழைய ஒருங்கிணைந்த தஞ்சாவூர் மாவட்டம் முழுவதையும் உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். மழைக்காலத்தில் அதன் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும்போது வானம் அப்படியே இறங்கிவிடுகிறது. நடவுக்குப் பரம்படித்து நிறுத்திய வயலில் காற்றில்லாத விடியலில் நாம் காண்பதும் இதே காட்சிதான். அத்தனை பரப்பிலும் மேடு பள்ளம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடுவதால், செயற்கைக்கோள்கள் தங்கள் உயர அளவீட்டைச் சரிபார்க்க இந்த வெளியைப் பயன்படுத்துகின்றன.

ஆஸ்திரேலியாவுல ரோஸ் கலர் ஏரியாம். யாராச்சும் சாயத்தைக் கலக்குறாங்களா?

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹில்லியர் ஏரி அது. சாக்கடல் அளவு உப்பு மிகுந்த நீரில் வாழத் தெரிந்த சில பாசிகளும் பாக்டீரியாக்களும் கடும் வெயிலிலிருந்து தங்களைக் காத்துக்கொள்ளச் சிவப்பும் ஆரஞ்சுமான நிறமிகளை உருவாக்குகின்றன. கேரட்டுக்கு நிறம் தரும் பொருளின் இனம்தான் அது. உப்பு முற்றும் பாத்திகளில் தண்ணீர் செம்மை தட்டுவதற்கும் இவையே காரணம்.

கோடியக்கரைக்கு வரும் பூநாரைகளின் நிறமும் இதே வழியில் வந்தது. குஞ்சு பொரிக்கும்போது சாம்பல் வெள்ளையாகத்தான் இருக்கும். உப்புநீரில் உள்ள பாசியையும், பாசியைத் தின்ற சிறு இறாலினங்களையும் உண்டு உண்டு, சில ஆண்டுகளில் இறகு சிவக்கிறது.

லடாக்ல வண்டியை நியூட்ரல்ல விட்டா மேட்டுல தானா ஏறுது, நானே பார்த்தேன். காந்த மலைன்னு போர்டே வச்சிருக்காங்க டீச்சர்.

ராணுவத்தில் இருந்து விடுப்பில் வந்த இளைஞர் கேட்டது. வண்டி நகர்ந்தது உண்மை, மேட்டில் ஏறியது என்பது மட்டும் கண்ணின் பிழை. ஸ்ரீநகர்–லே நெடுஞ்சாலையில் லே நகருக்கு அருகில் உள்ள அந்த இடத்தில், சுற்றிலும் மலைச் சரிவுகள் இருப்பதால் மட்டமான தொடுவானம் தெரிவதில்லை. எதை மட்டம் என்று கொள்வது என்று கண்ணுக்குப் புரியாதபோது, சற்றே இறங்கும் சாலை ஏறுவதுபோலத் தோன்றுகிறது. இத்தகைய இடங்கள் உலகில் பல நாடுகளில் உள்ளன. வண்டியை இழுக்கும் வலிமை அங்கே காந்தத்துக்கு இருந்திருந்தால், பையிலுள்ள சாவிக்கொத்து முதலில் பறந்திருக்கும்.

அடுத்த முறை போகும்போது கொத்தனாரின் ரசமட்டம் ஒன்றை எடுத்துச் சென்று சாலையில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். வயலில் தண்ணீர் எந்தப் பக்கம் தேங்குகிறதோ அதுதான் பள்ளம் என்று அறிந்து வளர்ந்தவர் அவர். உடனே புரிந்துகொண்டார்.

பாலைவனத்துல கல்லு தானா நடந்து போவுது, பின்னாடி தடம் கூட இருக்குன்னாங்க. அதுவும் கண்ணு ஏமாத்துறதுதானா?

இது அப்படியில்லை, கற்கள் உண்மையாகவே நகர்கின்றன. அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்கில் ஒரு வறண்ட ஏரிப்படுகை இருக்கிறது. அங்கே ஆள் தூக்க முடியாத கற்கள்கூட நெடுந்தூரம் கோடு கிழித்துக் கிடக்கின்றன. பல பத்தாண்டுகள் யாரும் நேரில் பார்க்காத அந்த நகர்வை, கற்களில் கருவி பொருத்திக் காத்திருந்த ஆய்வாளர்கள் 2013 டிசம்பரில் கண்டு, 2014-இல் வெளியிட்டார்கள். அபூர்வமாகப் பெய்யும் மழையில் தேங்கும் நீர் இரவில் கண்ணாடித் தகடுபோல உறைகிறது. வெயில் ஏறியதும் அது அகலமான பாளங்களாக உடைய, மெல்லிய காற்று அந்தப் பாளங்களைத் தள்ள, பாளம் கல்லைத் தள்ளுகிறது. அடியில் சேறு வழுக்கிக்கொடுக்கிறது. வாய்க்காலில் வெங்காயத் தாமரைப் படலம் இளங்காற்றிலேயே நகர்ந்து மூங்கில் கழியைச் சாய்ப்பதைப் பார்த்தவர்களுக்கு, பரந்த பாளத்தின் மேல் சிறு காற்றுக்கு எத்தனை பலம் உண்டு என்பது விளங்கும்.

நார்வேயில ஆறு மாசம் பகல், ஆறு மாசம் ராத்திரின்னா, அவங்க எப்ப தூங்குவாங்க?

சரியாக ஆறு மாதம் என்பது துருவப் புள்ளிகளுக்கு மட்டுமே பொருந்தும், அங்கே ஊர் கிடையாது. நார்வேயின் வடக்கிலுள்ள டிராம்சோ நகரில் மே மாதம் மூன்றாம் வாரம் முதல் ஜூலை மூன்றாம் வாரம் வரை, ஏறத்தாழ இரண்டு மாதம், சூரியன் மறைவதில்லை. தெற்கிலுள்ள ஆஸ்லோவில் கோடையிலும் சூரியன் மறையத்தான் செய்கிறது. பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதே காரணம். அதே சாய்வுதான் நமக்கு ஆனி மாதப் பகலை முக்கால் மணி நேரம் நீட்டித் தருகிறது. நார்வேக்காரர்கள் தடித்த திரையைப் போட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்து உறங்குகிறார்கள்.

பூமத்திய ரேகைக்கு இந்தப் பக்கம் தண்ணி ஒரு மாதிரியும் அந்தப் பக்கம் வேற மாதிரியும் சுத்துதுன்னு வீடியோவுல காட்டுறாங்களே?

உகாண்டாவில் சுற்றுலாப் பயணிகளுக்குச் செய்துகாட்டும் வித்தை அது. தண்ணீரை எந்தப் பக்கமாக ஊற்றினார்கள், தொட்டியை எப்படித் திருப்பினார்கள் என்பதே சுழலை முடிவு செய்கிறது. பூமியின் சுழற்சியால் வரும் விலகல் இவ்வளவு சிறிய பாத்திரத்தில் வெளிப்படாது. 1962-இல் அமெரிக்காவில் ஆஷர் ஷாப்பிரோ என்னும் பொறியியல் பேராசிரியர் ஆறடி அகலத் தொட்டியில் நீரை நிரப்பி, ஒரு நாள் முழுதும் அசைவடங்க விட்டு, பிறகு மெதுவாக வடித்தபோதுதான் அந்த விலகலைக் காண முடிந்தது.

ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ள புயலில் அது முழு வலிமையோடு செயல்படுகிறது. வடக்கு அரைக்கோளத்துப் புயல்கள் இடஞ்சுழியாகவும் தெற்கத்தியவை வலஞ்சுழியாகவும் சுற்றும். 2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் கஜா புயலின் கண் கடந்த ஊர்களில் இருந்தவர்களுக்கு இது நினைவிருக்கும்: முதலில் வடக்கிலிருந்து அடித்த காற்று, நடுவே திகைக்க வைத்த ஓர் அமைதி, பிறகு தெற்கிலிருந்து திரும்பி வந்த அடி. முதல் காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்த தென்னைகள் மறு காற்றில் முறிந்தன. அந்த இரண்டு திசைகளுக்கும் காரணம் பூமியின் சுழற்சி.

ஒரே மரம் ஒரு காடாவே இருக்குன்னு எழுதுனீங்க. ஆலமரந்தானே?

ஆலமரத்திலும் அப்படி உண்டு. ஆந்திராவின் அனந்தப்பூர் பகுதியிலுள்ள திம்மம்மா ஆலமரம் விழுதுகளை ஊன்றி ஐந்து ஏக்கருக்கு மேல் பரந்திருக்கிறது. நான் எழுதியது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள பாண்டோ என்பதைப் பற்றி. ஆஸ்பென் என்னும் மர வகை அது. 106 ஏக்கரில், நம் கணக்கில் ஏறத்தாழ 16 வேலியில், சுமார் 47,000 தண்டுகள் தனித்தனி மரங்கள்போல நிற்கின்றன. மரபணுவைச் சோதித்தால் எல்லாம் ஒன்றே.

நம் வாழைத் தோட்டத்தில் ஒரு கட்டையைச் சுற்றிக் கன்றுகள் கிளம்புவதுபோல, அங்கே மண்ணுக்கடியில் ஓடும் வேரிலிருந்து புதுத் தண்டுகள் வருகின்றன. ஒன்று பட்டால் இன்னொன்று எழும். இப்போது அதற்குள்ள கவலையும் வாழைக்காரருக்குப் புரியும் கவலைதான்: மான்களும் மாடுகளும் இளங்கன்றுகளை மேய்ந்துவிடுவதால் பல இடங்களில் புதுத் தண்டுகள் தலையெடுப்பதில்லை. அதற்காக வேலி போட்டுக் காக்கிறார்கள்.

கல்லணைதான் ஒலகத்துலயே பழைய அணை. இதை நீங்க ஏன் போர்டுல எழுத மாட்டேங்கிறீங்க?

எழுதுவேன், ஆனால் சரியான சொற்களில். எகிப்தில் சத் எல் காஃபரா என்ற அணை ஏறத்தாழ 4,600 ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்டது. முடிவதற்குள் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது, இடிபாடு மட்டும் மிஞ்சியிருக்கிறது. இன்றும் பயன்பாட்டில் உள்ளவை என்று பார்த்தால், சீனாவின் சிச்சுவான் மாநிலத்தில் துஜியாங்யான் என்னும் பாசன அமைப்பு கி.மு. 256 அளவில் லீ பிங் என்ற ஆளுநரின் காலத்தில் உருவானது. ஆற்றின் நடுவே மீன் வாய்போன்ற ஒரு கரையை அமைத்து நீரை இரண்டாகப் பிரித்து, ஒன்றை வயலுக்கும் மற்றொன்றை வெள்ள வடிகாலுக்கும் விட்டார்கள். கரிகாலன் பெயரோடு வழங்கும் கல்லணையை மரபாகக் கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளில் வைக்கிறோம். ஆகவே "இன்றும் பயன்படும் மிகப் பழைய நீர்ப்பாசனக் கட்டுமானங்களுள் ஒன்று" என்பது உண்மை. நான் எழுதுவது அதுதான்.

இப்படிச் சொன்னால் சிலருக்கு மனம் வருந்துகிறது. எனக்கும் இந்த ஆற்றின் தண்ணீர்தான் சோறு போட்டது. கல்லணையின் உண்மையான வியப்பு அதன் வயதைவிட அதன் அடித்தளத்தில் இருக்கிறது. பாறையே எட்டாத ஆற்று மணலில் 1,080 அடி நீளத்துக்கு அணை எப்படி நிற்கிறது? பெரும் கற்களை மணலில் போட, நீரோட்டம் அடி மணலை அரிக்க, கல் தானே புதைந்து இறங்க, அதன்மேல் அடுத்த கல் என்று, ஆற்றின் வேகத்தையே வேலையாளாக்கிக் கட்டிய முறை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடும் கலையை இங்கே கற்றதாக ஒப்புக்கொண்டார். அந்தப் பாடத்தைக் கோதாவரியில், தவளேஸ்வரத்தில் பயன்படுத்தினார்.

வாட்ஸ்அப்ல வர்றதுல எது நெசம், எது பொய்யின்னு எப்புடிக் கண்டுபிடிக்கிறது?

பலகையில் எழுதுவதற்கு முன் நான் மூன்றைத் தேடுவேன்: இடத்தின் பெயர், அளவு, காரணம். ஊர் பெயரே இல்லாமல் "ஒரு நாட்டில்" என்று தொடங்கும் செய்தியை ஒதுக்கிவிடுவேன். அளவு இருந்தால் சீனச் சுவருக்குச் செய்ததுபோலக் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். யாரோ அறிவித்ததாக இருந்தால், அறிவித்தவரின் வேலை அதுதானா என்று பார்ப்பேன். நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்ததாக ஆண்டுதோறும் வரும் செய்தி பொய். தேசிய கீதங்களுக்கு இடம் கொடுக்கும் வேலையே அந்த நிறுவனத்துக்கு இல்லை.

சிலவற்றில் நானும் தவறியிருக்கிறேன். நகரும் கற்களுக்குப் புயல் காற்றே காரணம் என்று பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். 2014-க்குப் பிறகு, பழைய மாணவர்கள் கண்ணில் படும்போதெல்லாம் திருத்திச் சொல்லிவருகிறேன்.

இத்தனை எழுதுறியேம்மா, இதுல எதைப் பாத்தா ஒனக்கு மனசு நெறையும்?

எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், கடைமடையில் வயல் வைத்திருப்பவர், இதைக் கேட்டார். போட்ஸ்வானா நாட்டின் ஒகவாங்கோ டெல்டா என்றேன். ஆறுகள் கடலில் சேரும் இடத்தில் டெல்டா உண்டாகும் என்றுதான் நாம் படிக்கிறோம். ஒகவாங்கோ கடலைப் பார்ப்பதே இல்லை. அங்கோலாவின் மேட்டு நிலங்களில் ஜனவரி, பிப்ரவரியில் பெய்யும் மழை, ஆயிரத்துக்கு மேற்பட்ட கிலோமீட்டர் தெற்கே ஓடி, கலஹாரி மணற்பரப்பில் விசிறிபோல விரிந்து, அங்கேயே பெரும்பகுதி ஆவியாகிவிடுகிறது. உள்ளே இருக்கும் தீவுகளில் பல, கரையான் புற்றில் தொடங்கியவை. புற்றின் மேட்டில் விதை விழுந்து மரமாகி, மரத்தைச் சுற்றி மண் சேர்ந்து தீவானது. 2014-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஆயிரமாவது இடமாக அது சேர்க்கப்பட்டது.

அந்த டெல்டா அத்தனை தட்டையானது. அதைக் கடக்கவே வெள்ளத்துக்கு நான்கு மாதம் ஆகிறது. அதனால் தென்கோடியிலுள்ள மவுன் நகரத்துக்குத் தண்ணீர் வந்து சேரும்போது அங்கே மழைக்காலம் முடிந்து, புல் காய்ந்து, வறட்சியின் நடுப்பகுதியாக இருக்கும். குடகில் பெய்த மழை இங்கே வெயிலில் வெடித்துக் கிடக்கும் வாய்க்காலுக்கு வருவதுபோல, யாரோ எங்கோ நனைந்த மழை ஜூன், ஜூலையில் அங்கே வந்து சேர்கிறது. தண்ணீரின் தலை காய்ந்த படுகையில் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, ஆள் நடக்கும் வேகத்துக்கும் குறைவாக ஊர்ந்து வரும். வெடிப்புகள் குடித்து முடித்த பிறகுதான் அடுத்த அடி வைக்கும்.

பெரியவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அங்க மொதத் தண்ணி வந்தா வெதநெல்லும் பூவும் தூவுவாங்களா?" என்று கேட்டார்.